ஐந்து பேர், மூன்று இடம்: எங்கள் மிட்ஃபீல்டில் யாரைப் போடுவது?

கோரமங்களா எட்டு எழுதியது:

பெங்களூரில் ஞாயிறு காலை ஆடும் அமெச்சூர் ஃபுட்பால் அணி எங்களுடையது. பாதிப் பேர் ஐ.டி., மீதி அல்சூர், ஆஸ்டின் டவுன் பையன்கள். டர்ஃபில் ஆடும் ஐவர் ஆட்டம் இல்லை. பெரிய மைதானம், பதினொரு பேர், பாதிக்கு 35 நிமிடம். அடுத்த மாதம் ஒரு டோர்னமென்ட் வருகிறது. மிட்ஃபீல்டில்தான் குழப்பம்.

இருப்பவர்கள் ஐந்து பேர். பட்டப்பெயர் மட்டும் சொல்கிறேன்.

தபால்: இடது கால்காரன். நாற்பது மீட்டர் தள்ளி ஓடுகிறவன் காலில் பந்தைக் கொண்டுபோய் வைப்பான். பந்து பறிபோனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான்.
கபடி: யார் வந்தாலும் விட மாட்டான், ஓடிக்கொண்டே இருப்பான். பாஸ் மட்டும் பத்து அடிக்கு மேல் கேட்காதீர்கள்.
எஞ்சின்: எங்கள் அணியிலேயே நல்ல ஆட்டக்காரன். எதிரணி பாக்ஸ் வரை போய் கோல் அடிப்பான்.
சார்: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓட மாட்டார், ஆனால் பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்பே தெரியும்.
பொடியன்: ட்ரிப்ளிங். பாஸ் என்று ஒன்று இருப்பதை அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இதுவரை 4-4-2, அதாவது பின்னால் தற்காப்புக்கு நான்கு, மிட்ஃபீல்டில் நான்கு, முன்னால் இரண்டு. நடுவில் தபாலும் எஞ்சினும். பந்து எங்களிடம்தான் அதிகம் இருக்கிறது, ஆனால் கவுண்டரில் (பந்தைப் பறித்ததும் சட்டென்று திருப்பித் தாக்குவது) கோல் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். நடுவில் மூன்று மிட் (மிட்ஃபீல்டர்) போடலாம் என்று நினைக்கிறேன். யார் யார்?

வெஸ்ட் பிளாக் நீலம் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உங்கள் இரண்டு மிட்டுமே மேலே பார்க்கிற ஆட்கள். 4-2-3-1 ஆடுங்கள். கபடியும் சாரும் கீழே, அவர்களுக்கு முன்னால் எஞ்சின். தபாலை பெஞ்சில் உட்கார வையுங்கள்.

2017-18 சீசனில் நம்ம பெங்களூரு எஃப்சி-யைப் பார்த்திருப்பீர்கள். டிமாஸ் டெல்காடோ எல்லாரிடமும் பந்தைக் கேட்டு வாங்கி ஆட்டத்தை இடமும் வலமும் நகர்த்துவார். பக்கத்தில் உயரமான ஆஸ்திரேலியர் எரிக் பார்தாலு. தலைக்கு மேல் வருவதெல்லாம் அவருக்கு. ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) நமக்கு அது முதல் சீசன், லீக் கட்டத்தில் முதலிடம்.

மெரினா டு மாரத்தஹள்ளி எழுதியது:

லீக் முதலிடம் சரி. ஃபைனல் என்ன ஆச்சு நண்பா? 17 மார்ச் 2018, உங்கள் கண்டீரவா ஸ்டேடியத்திலேயே, சென்னையின் எஃப்சி 3, பெங்களூரு 2. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

வெஸ்ட் பிளாக் நீலம் எழுதியது:

எங்கே மிட்ஃபீல்ட் பற்றிப் பேசினாலும் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் இரண்டு ஹெடர் போட்டார். அதற்கும் மிட்ஃபீல்டுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த வருஷம் கோவாவை 1-0 என்று ஜெயித்துக் கப் எடுத்தோம், அதையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

மெரினா டு மாரத்தஹள்ளி எழுதியது:

கோபப்படாதீங்க, சம்பந்தம் இருக்கிறது. அழகு என்று பார்த்தால் உங்கள் மிட்ஃபீல்ட்தான் அழகு. அந்த சீசனில் எங்கள் நடுவில் தன்பால் கணேஷ், பிக்ரம்ஜித் சிங். கணேஷ் வியாசர்பாடிப் பையன். இரண்டு பேருமே கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிற மாதிரி எதுவும் செய்ய மாட்டார்கள். அவர்கள் நிற்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ரஃபேல் அகஸ்டோ மேலே போவார். ஃபைனலில் மூன்றாவது கோல் அவருடையது.

ஆனால் எட்டு சொல்கிற அணிக்கு இரண்டு பேரைக் கீழே கட்டிப்போட வேண்டுமா என்பது சந்தேகம். ஞாயிறு லீக்கில் எதிரணியிலும் பாதிப் பேர் இரண்டாம் பாதியில் நடக்கத்தான் செய்வார்கள். தபால் மாதிரி பாஸ் போடுகிறவனை வெளியே உட்கார வைத்துவிட்டு யாரை வைத்து அவர்களை ஓட விடப்போகிறீர்கள்?

பழைய லிங்க்மேன் எழுதியது:

தம்பி, எங்கள் காலத்தில் உங்கள் மிட்ஃபீல்டருக்கு லிங்க்மேன் என்று பெயர். அசோக் நகர் ஸ்டேடியத்தில் எச்ஏஎல், ஐடிஐ ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

இந்த ஊர் எப்போதும் ஃபார்வர்டுகளைத்தான் கொண்டாடும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் நம்ம ஊர்க்காரர். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த அருமைநாயகமும் இங்கே வளர்ந்தவர்தான், அவர் விங்கர். இவர்கள் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று கேட்டால் தெருவில் நான்கு பேர் சொல்வார்களா? நீங்களும் ஐந்து பேரை வரிசையாக எழுதி யார் நல்லவன் என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் விடை வராது. யாரோடு யார் என்று கேளுங்கள்.

1958 உலகக் கோப்பையில் பிரேசில் 4-2-4 ஆடியது. நடுவில் வெறும் இரண்டு பேர், சீட்டோவும் டிடியும். டிடி பந்தை வைத்துக்கொண்டு யோசிப்பார், நீளமாக அனுப்புவார். அவர் யோசிக்கிற நேரத்தில் சீட்டோ எங்கே நிற்கிறார் என்பதுதான் அந்த அணியின் ரகசியம். அதுகூடப் போதாமல் சகாலோ இடது விங்கிலிருந்து ஓடி வந்து மூன்றாவது ஆளாக நிற்பார். பேப்பரில் 4-2-4, மைதானத்தில் 4-3-3.

அப்புறம் 1982. சீக்கோ, சாக்ரடீஸ், ஃபால்கோ, செரெஸோ. நான்கு பேரும் ரத்தினம். இத்தாலிக்கு எதிராக டிரா ஆனாலே அரையிறுதி. 3-2 என்று தோற்றார்கள், மூன்றும் பாவ்லோ ரோஸி. இரண்டாவது கோல் எப்படி வந்தது? செரெஸோ தங்கள் பாதியில் குறுக்கே போட்ட பாஸ், ரோஸி புகுந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபால்கோ அடித்து 2-2 ஆன பிறகும் பின்னால் நிற்க யாருக்கும் மனசு வரவில்லை.

1994-ல் அதே பிரேசில் துங்காவையும் மௌரோ சில்வாவையும் நடுவில் நிறுத்தியது. பத்தாம் நம்பர் ராயிதான் கேப்டனாகத் தொடங்கினார். நாக்அவுட் வந்ததும் அவரை எடுத்துவிட்டு மசின்யோவைப் போட்டார்கள். ஊரே திட்டியது. கப் வந்தது. எனக்கு 1982 அணிதான் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு டோர்னமென்ட் ஜெயிக்க வேண்டும் அல்லவா?

கோல்போஸ்ட் பக்கம் எழுதியது:

நான் கோலி. மிட்ஃபீல்ட் சரியாக இருக்கிறதா என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அது சரியில்லாதபோது எதிரணி நேராக எங்கள் முகத்துக்குத்தான் வருகிறது.

எட்டு, ஒன்று கேட்கிறேன். தபால், எஞ்சின் இரண்டு பேரும் மேலே போவது தெரிகிறது. உங்கள் ஃபுல்பேக்குகள், அதாவது இரண்டு ஓரத்துத் தற்காப்பு ஆட்கள்? அவர்களும் மேலே போகிறார்களா?

கோரமங்களா எட்டு எழுதியது:

ரைட் பேக் போவான். நல்ல க்ராஸ் போடுவான், எங்கள் கோல்களில் நிறைய அங்கிருந்துதான். லெஃப்ட் பேக் கொஞ்சம் பயந்த சுபாவம், சென்டர் லைனைத் தாண்ட மாட்டான்.

கோல்போஸ்ட் பக்கம் எழுதியது:

அப்படியென்றால் நீங்கள் மூன்று பேரைக் கணக்குப் பார்க்கக் கூடாது, ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். மூன்று மிட், இரண்டு ஃபுல்பேக். இந்த ஐந்தில் பந்து பறிபோகிற நேரத்தில் எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் இருக்கிறார்கள்? இரண்டு ஸ்டாப்பர்களோடு (நடுவில் நிற்கும் தற்காப்பு ஆட்கள்) இன்னும் இரண்டு பேராவது இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

சில்க் போர்டில் சிக்கியவன் எழுதியது:

இந்த ஊரில் ஞாயிறு காலை ஆறரைக்கு பதினொரு பேரை மைதானத்துக்கு வரவழைப்பதே பெரிய ஃபார்மேஷன். வந்தவனை வைத்து ஆடுங்க பாஸ்.

டேட்டா இட்லி எழுதியது:

கபடியை 'மக்கலேலே' ஆக்கலாம் என்று யாராவது சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். பிரெஞ்சு மிட் கிளாட் மக்கலேலே என்றால் டேக்கிள் அடிக்கிறவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அவருடைய பழைய ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அவர் டேக்கிள் அடிக்க வேண்டிய அவசியமே வராது. ஸ்டாப்பர்களுக்கு முன்னால் இருக்கும் இடத்தை விட்டு நகராமல் நிற்பார், பாஸ் வரும் வழியை மூடிவிடுவார், பந்து கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து மீட்டர் பாஸ். 2003-ல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கியது, மக்கலேலேவை செல்சிக்கு விட்டுக்கொடுத்தது. அதன்பின் அவர்கள் லீக் ஜெயிக்க 2007 வரை ஆனது. செல்சி 2004-05 லீக்கில் 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 15.

அந்த செல்சியில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தில் அப்போது பாதி அணிகள் 4-4-2. நடுவில் இரண்டு பேர். செல்சிக்கு மூன்று பேர். மக்கலேலேவை மார்க் பண்ண ஒரு மிட் மேலே வந்தால் செல்சியின் இன்னொரு மிட் லாம்பார்டுக்கு இடம் கிடைக்கும், வராவிட்டால் மக்கலேலேவுக்கு நேரம் கிடைக்கும்.

ஆகவே உங்கள் மக்கலேலே கபடி அல்ல, சார். கபடியைக் கீழே தனியாக நிறுத்தினால் பந்தைத் தேடி விங் வரைக்கும் ஓடிவிடுவான், அவன் விட்டுப்போன ஓட்டை வழியாகத்தான் கோல் வரும்.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஆட்டங்களை யாராவது போனில் எடுத்திருப்பார்கள். வாங்கிய ஒவ்வொரு கோலையும் பத்து விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள். பந்து பறிபோன நொடியில் நிறுத்தி, எந்த மிட் எங்கே நிற்கிறான் என்று ஒரு தாளில் குறியுங்கள். ஆப், சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

நாகர்கோவில் விங் எழுதியது:

எல்லாரும் தற்காப்பையே பேசுகிறீர்கள். தபாலைக் கீழே, ஸ்டாப்பர்களுக்கு முன்னால் போடலாமே? இத்தாலியின் பிர்லோ பத்தாம் நம்பராகத்தான், அதாவது ஃபார்வர்டுகளுக்குச் சற்றுப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார். பிரெஷாவில் கோச் மட்சோனே அவரைக் கீழே இறக்கினார், மிலானில் அஞ்செலோட்டி அதையே நிலைநிறுத்தினார். பக்கத்தில் கட்டூஸோ ஓடுவார், இன்னொரு பக்கம் சீடோர்ஃப். 2003, 2007 இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக். பிர்லோவும் ஓடிப்போய்ப் பறிக்கிறவர் இல்லை, உங்கள் தபால் மாதிரிதான். கபடிதான் கட்டூஸோ, எஞ்சின்தான் சீடோர்ஃப். ஏற்கெனவே மிலான் உங்களிடம் இருக்கிறது!

கோல்போஸ்ட் பக்கம் எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. சான் சீரோவில் புல் இருக்கும் நண்பா. நம்ம ஞாயிறு மைதானம் சிவப்பு மண், நடுவில் கிரிக்கெட் பிட்ச் வேறு. முந்தின நாள் மாலை மழை பெய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே ஸ்டாப்பர் போடும் பாஸ் ஒழுங்காக உருண்டு தபால் காலுக்கு வருமா? ஒரு தடவை துள்ளினால் போதும், எதிரணி ஃபார்வர்டு என் முன்னால் தனியாக நிற்பான்.

பழைய லிங்க்மேன் எழுதியது:

கோலி சொல்வது நூறு சதவீதம் உண்மை. மைதானம் எப்படியோ மிட்ஃபீல்டும் அப்படி. மழை பெய்தால் என்னைக் கீழே விட மாட்டார்கள், இரண்டாவது பந்தை (மோதித் தெறித்து விழுவதை) எடுக்கத் தெரிந்தவனைத்தான் விடுவார்கள்.

கோரமங்களா எட்டு எழுதியது:

டேட்டா இட்லி சொன்னபடி வீடியோக்களைப் பார்த்தேன். ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது. ரைட் பேக் க்ராஸ் போட மேலே போயிருக்கிறான். எஞ்சின் பாக்ஸுக்குள். தபால் பாக்ஸ் வாசலில், ரீபவுண்டுக்குக் காத்திருக்கிறான். க்ராஸை அவர்கள் ஹெட் செய்து வெளியே தள்ளுகிறார்கள். அங்கிருந்து எங்கள் வலது பக்கம் முழுக்கக் காலி. இடது பக்கம் கவுண்டர் வந்து கோலானது அபூர்வம்.

இன்னொன்று. எஞ்சின் அடித்த கோல்களில் பெரும்பாலும் அவன் கடைசியாகத்தான் வந்து சேர்கிறான். நடுவிலிருந்து பந்தைக் கொண்டுபோய் அடித்தது குறைவு.

டேட்டா இட்லி எழுதியது:

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறோம். உங்கள் ஓட்டை நடுவில் இல்லை, ரைட் பேக்குக்குப் பின்னால். அதனால் 'ஒரு டிஃபென்சிவ் மிட் போடு' என்று மொட்டையாகச் சொன்னால் பாதிதான் சரியாகும். வலது பக்க மிட்டாக யார் ஆடினாலும் ரைட் பேக் போகும்போது அவன் அங்கே இறங்கி நிற்க வேண்டும். அந்த வேலைக்குப் பிறந்தவன் கபடி. அவன் பாஸ் போட வேண்டியதில்லை, ஓடினால் போதும், பக்கத்திலேயே சார் இருப்பார், அவரிடம் தட்டிவிடலாம்.

இடது பக்கம் தபால். லெஃப்ட் பேக் போக மாட்டான் என்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, போகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தபால் திரும்பி வராவிட்டாலும் அங்கே ஆள் இருக்கும். இடது காலால் குறுக்கே அவன் அனுப்பும் நீளப் பந்து நேராக உங்கள் ரைட் பேக் ஓடுகிற இடத்துக்குப் போகும்.

வெஸ்ட் பிளாக் நீலம் எழுதியது:

ஒரு நிமிஷம். சார், கபடி, தபால். அப்போ எஞ்சின்? அணியிலேயே நல்ல ஆட்டக்காரனை வெளியே உட்கார வைக்கச் சொல்கிறீர்களா? அவன் ட்ரெஸ்ஸிங் ரூமில் என்ன பேசுவான் தெரியுமா?

டேட்டா இட்லி எழுதியது:

வெளியே யார் உட்காரச் சொன்னது? மிட்ஃபீல்டிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். அவனை ரைட் விங்கில் போடுங்கள். ரைட் பேக் வெளிப்பக்கமாக ஓடும்போது இவன் உள்ளே வெட்டிப் பாக்ஸுக்கு வரட்டும். இப்போது செய்வதையேதான் செய்யப்போகிறான், அவன் பின்னால் விட்டு வருகிற ஓட்டை மட்டும் இருக்காது.

நல்ல ஆட்களை எல்லாம் நடுவில் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து பல வருஷம் பாடம் எடுத்தது. ஜெரார்டு, லாம்பார்டு இருவரும் அவரவர் கிளப்பில் ராஜா. தேசிய அணியில் 4-4-2-வில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒருவர் போவாரா மற்றவர் நிற்பாரா என்பதே கடைசி வரை முடிவாகவில்லை.

மெரினா டு மாரத்தஹள்ளி எழுதியது:

எஞ்சின் முகம் சுளித்தால் 2022 உலகக் கோப்பை அர்ஜென்டினாவைக் காட்டுங்கள். முதல் ஆட்டத்தில் சவுதியிடம் 2-1 தோல்வி. அதற்கப்புறம் கோச் ஸ்கலோனி மிட்ஃபீல்டைக் கலைத்துவிட்டார். மெக்சிகோவுக்கு எதிராக மெக்அல்லிஸ்டர் உள்ளே வந்தார், என்ஸோ ஃபெர்னாண்டஸ் சப்ஸ்டிட்யூட்டாக இறங்கி கோலும் போட்டார். போலந்து ஆட்டத்திலிருந்து என்ஸோ, மெக்அல்லிஸ்டர், டி பால் மூன்று பேரும் தொடக்கத்திலிருந்தே. முதல் ஆட்டத்தில் ஆடிய பரேதெஸ் ஒன்றும் மோசமான ஆட்டக்காரர் இல்லை. அவரும் டி பாலும் முந்தின வருஷம் கோபா அமெரிக்கா ஜெயித்தவர்கள். கப் ஜெயித்த ஜோடியையே மாற்றத் துணிந்தார் பாருங்கள்.

நாகர்கோவில் விங் எழுதியது:

சரி, பிர்லோ கனவை மழை இல்லாத மாதத்துக்கு ஒத்தி வைக்கிறேன். ஆனால் பொடியனை யாரும் பேசவே இல்லையே? விங்கர் சங்கத்தின் சார்பில் கண்டனம்.

வெஸ்ட் பிளாக் நீலம் எழுதியது:

எனக்கு இன்னும் சார் மேல்தான் சந்தேகம். நாற்பது வயது தாண்டியவர், 70 நிமிடம், நடுவில் தனியாக. எதிரணி கோச் விவரமானவராக இருந்தால் இரண்டாம் பாதியில் அவர் மேலேயே ஆளை ஓட விடுவார். அதனால்தான் இரண்டு பேர் கீழே என்று முதலிலேயே சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

பழைய லிங்க்மேன் எழுதியது:

இது நியாயமான கவலை. நான் ஆடுகிற வயதில் எனக்கும் கடைசி இருபது நிமிடம் கால் கேட்காது. அதற்கு சாரை முதலிலேயே வெளியே வைக்க வேண்டியதில்லை. ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துக் கொடுங்கள். ஸ்டாப்பர்கள் இரண்டு பேரையும் கொஞ்சம் மேலே ஏறி நிற்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் சாருக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இடைவெளி போகக் கூடாது. உங்கள் ஸ்டாப்பர்கள் பயந்து பாக்ஸுக்குள்ளேயே நின்றால் சார் என்ன, யார் வந்தாலும் அந்த இடத்தைக் காக்க முடியாது.

லெஸ்டர் 2015-16-ல் இங்கிலீஷ் லீக்கை ஜெயித்தபோது எல்லாரும் கான்டே இரண்டு ஆளுக்குச் சமம் என்றார்கள். உண்மைதான், ஆனால் ட்ரிங்க்வாட்டரும் அவரும் இரண்டே பேர் நடுவில் சமாளித்ததற்கு ஓகஸாகியும் காரணம். ஃபார்வர்டு என்று பெயர், ஆனால் ஓயாமல் பின்னால் இறங்கி வந்து தொல்லை கொடுப்பார். உங்கள் சென்டர் ஃபார்வர்டு பந்து போனதும் என்ன செய்கிறான் என்பதையும் அந்த வீடியோவில் பாருங்கள்.

கோரமங்களா எட்டு எழுதியது:

பார்த்தேன். ரெஃப்ரியிடம் ஆஃப்சைட் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறான். பேசுகிறேன்.

முடிவு இப்படி. 4-3-3. சார் கீழே, வலது கபடி, இடது தபால். எஞ்சின் ரைட் விங். ரைட் பேக் போகலாம், லெஃப்ட் பேக் நிற்க வேண்டும். ஐம்பதாவது நிமிடம் வாக்கில் சாரை எடுத்துவிட்டுப் பொடியனை ரைட் விங்கில் விடுகிறேன். எஞ்சின் உள்ளே இறங்கிக் கபடியின் இடத்துக்கு, கபடி சாரின் இடத்துக்கு. பொடியன் உள்ளே வந்ததும் ரைட் பேக்கும் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான். எஞ்சினிடம் போனில் சொன்னேன். பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் "ஃப்ரீகிக் எனக்குத்தானே?" என்று கேட்டான். கொடுத்துவிட்டேன்.

கோல்போஸ்ட் பக்கம் எழுதியது:

கபடியைக் கடைசி இருபது நிமிடம் தனியாகக் கீழே விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பந்தைத் தேடி ஓடுவான் என்று மேலே எல்லாரும் ஒத்துக்கொண்டோமே? உங்கள் கோலியிடம் சொல்லி வையுங்கள், 'கபடி, நில்லு' என்று கத்திக்கொண்டே இருக்கட்டும். நான் என் அணியில் அதைத்தான் செய்கிறேன், தொண்டை போனாலும் பரவாயில்லை.

மெரினா டு மாரத்தஹள்ளி எழுதியது:

நமக்குக் கார்னர் கிடைக்கும்போது பின்னால் யார் நிற்பது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சாரும் லெஃப்ட் பேக்கும் நின்றால் வேகம் போதாது.

கோரமங்களா எட்டு எழுதியது:

கபடியும் லெஃப்ட் பேக்கும் சென்டர் லைனில், சார் பாக்ஸ் வாசலில். தபால் கார்னர் எடுப்பான். எதிரணிக் கார்னருக்கு உயரமான ஆள் வேண்டும், எங்களிடம் ஒரே ஒருவன்தான். அதற்குத் தனி இழை போடுகிறேன். நீலம், நீங்களும் வரவேண்டும், அனுபவம் இருக்கும்.

வெஸ்ட் பிளாக் நீலம் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.